எந்த மாலி?

எங்கள் பக்கத்தில் உலகம் ரொம்பச் சின்னது. சிங்கப்பூர், மலேசியா, துபாய். மிச்சமெல்லாம் ஃபாரின். கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் எந்தக் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான். "ஒங்க வீட்ல வெளிநாட்டுல யாரும் இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்று சொன்னால் எந்த நாடு என்று கேட்கமாட்டார், எந்த ஊர் என்று கேட்பார். ஒரு முறை என் எதிர் இலையில் இப்படி ஒரு பேச்சு நடந்தது.

"மாப்பிள்ளை துபாய்ல இருக்காருங்க."

"துபாய்ல எங்கிட்டு?"

"குவைத்துங்க."

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. சோறு இறங்காது. குவைத் தனி நாடு, அதற்குத் தனிக் கொடி, தனிப் பணம் எல்லாம் இருக்கிறது, துபாய் என்பது ஒரு நகரம் என்று விளக்கிய பிறகுதான் ரசத்துக்குக் கையைக் குழித்தேன். மாப்பிள்ளையின் மாமனார் பொறுமையாகக் கேட்டார். "அதுனால என்னம்மா, ரெண்டு எடத்துலயும் வெயிலுதானே" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார்.

நான் புதுக்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் பொது அறிவு நடத்துகிறேன். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் வருவார்கள். நானும் அந்தப் பரீட்சைகளை எழுதியவள்தான். எழுதிக்கொண்டே இருந்தேன் என்று சொல்வது இன்னும் சரி. கடலே இல்லாத நாடுகள் எவை, கடல் இல்லாத நாடுகளால் மட்டுமே சூழப்பட்ட இரண்டு நாடுகள் எவை, எந்த நாட்டில் என்ன நாணயம், எந்த நாட்டுக்குத் தலைநகரம் மாறியது என்றெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டேன். வேலை கிடைக்கவில்லை. தலைநகரங்கள் மட்டும் தங்கிவிட்டன.

வீட்டில் அம்மா, நான், தம்பி. அப்பா காலமாகி வெகு காலம் ஆகிறது. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள், மிச்சக் கொட்டையை வீட்டுக்கும் கொண்டுவந்து உடைப்பாள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டு, பருப்பு உடையாமல் வெளியே வரவேண்டும். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்கள் எப்போதும் கறுத்திருக்கும். தம்பி எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் இருந்தான். வருஷா வருஷம் நிரந்தரம் ஆக்குகிறோம் என்பார்கள், வருஷா வருஷம் இவனும் புது அடையாள அட்டைக்குப் போட்டோ கொடுப்பான்.

என்னைக் கேலி செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு. "ஒலகத்துல உள்ள ஊரெல்லாம் தெரியும், நம்ம ஊரு மினி பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு மட்டும் தெரியாது" என்பான். அது உண்மையும்கூட. சாப்பிட உட்கார்ந்தால் ஏதாவது ஒரு நாட்டைப் பற்றி நான் சொல்லாமல் இருக்கமாட்டேன். அம்மா ம் கொட்டுவாள். ஒரு நாளும் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. அது எனக்கு உள்ளூர ஒரு குறை. வகுப்பில் அறுபது பிள்ளைகள் கைதூக்கிக் கேட்கிறார்கள், பெற்றவளுக்கு ஒரு சந்தேகம்கூட வராதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னான். "வெளிநாட்டுல வேலை கெடைச்சிருக்கும்மா. மாலி."

எங்கள் பக்கத்தில் மாலி என்றால் மாலத்தீவு. அதன் தலைநகரம் மாலே, அது பேச்சில் மாலி ஆகி, பிறகு நாட்டுக்கே அந்தப் பேர் நின்றுவிட்டது. எங்கள் தெருவிலேயே ஒருவர் அங்கே ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு வந்து வீட்டுக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார். அவரை மாலிக்காரர் என்றுதான் சொல்வோம். அதனால் யாரும் குழம்பவில்லை. நானும்தான்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சம்தான் என்றேன். ஆயிரத்துச் சொச்சம் தீவுகள், அதில் சுமார் இருநூற்றில்தான் ஜனங்கள் இருக்கிறார்கள் என்றேன். நாட்டின் மொத்த ஜனத்தொகை நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது என்றேன். பிறகு, ஆரம்பித்த வேகத்தில், உலகத்திலேயே தாழ்வான நாடு அதுதான், கடல் மட்டத்துக்கு மேலே சராசரியாக ஆள் உயரம்கூட இல்லை, கடல் ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் முழுகிவிடும் என்று சொல்கிறார்கள் என்றும் சொன்னேன்.

தம்பி தலை நிமிராமல் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். அம்மா வழக்கம்போல ம் என்றாள்.

அதற்குப் பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. பாஸ்போர்ட் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. மெடிக்கல் முடிந்தது. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "அடுத்த வாரம் மெட்ராஸுக்குப் போகணும். மஞ்சக்காமாலைக்கு ஊசி போடச் சொல்றாங்க" என்றான்.

அம்மா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, கண்ணைக் கீழ் இமை விலக்கிப் பார்த்தாள். "கண்ணு வெள்ளையாத்தானடா இருக்கு. அப்படியே காமாலையா இருந்தாலும் இதுக்கு எவனாச்சும் மெட்ராஸ் போவானா? வரப்புல கீழாநெல்லி மண்டிக் கெடக்கு, அரைச்சு மோர்ல கலக்கித் தாரேன்."

"வர்றதுக்கு முன்னாடியே போடுற ஊசிம்மா."

"வராத சீக்குக்கு ஊசியா?"

மூன்று நாள் அவனுக்கு வெறும் வயிற்றில் கீழாநெல்லி கிடைத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். நானும் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் கொசுவால் பரவும் நோய்கள். மலேரியா, டெங்கு, யானைக்கால் என்று பலகையில் எழுதி, கடைசியில் மஞ்சள் காய்ச்சல் என்று எழுதினேன். அன்னவாசலிலிருந்து வரும் ஒரு பெண் கைதூக்கினாள். "மேடம், மஞ்சள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் ஒண்ணுதானுங்களா?"

"இல்லம்மா. நெறைய பேரு இப்படித்தான் குழப்பிக்கிறாங்க. மஞ்சள் காய்ச்சல் நம்ம நாட்டுல கெடையாது. ஆப்பிரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும்தான் இருக்கு. இங்கேருந்து அந்த நாடுகளுக்குப் போறவங்க ஊசி போட்டுட்டுத்தான்…"

அங்கேயே நின்றுவிட்டேன். தம்பி மெட்ராஸ் போய்ப் போடப்போகிற ஊசி காமாலைக்கு இல்லை, இதற்குத்தான். மாலத்தீவுக்கு இந்த ஊசி எதற்கு? அங்கே போக யாரும் ஊசி போட்டுக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. டைல்ஸ் போட்ட மாலிக்காரர் ஒரு ஊசியும் போடாமல்தான் போய்விட்டு வந்தார். அப்படியானால் இது மாலே இல்லை. மாலி. நிஜமான மாலி. மேற்கு ஆப்பிரிக்கா. பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு இரண்டும் வேறு வேறு என்று சொல்லிக்கொடுக்கிறேன். "இந்த எடத்துல ஏமாந்தா ஒரு மார்க் போச்சு" என்று இரண்டு பெயருக்கும் அடியில் கோடு போடச் சொல்கிறவள் நான். பாதி வகுப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மாலியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நடப்பு நிகழ்வுகள் பகுதிக்காகத் தினமும் படிக்கிறேன். ஆட்சிக் கவிழ்ப்பு, ஆயுதக் குழுக்கள், ஆள் கடத்தல். வேலைக்குப் போன வெளிநாட்டுக்காரர்களைக் கடத்துவதும் உண்டு.

சனிக்கிழமைகளில் தம்பி கம்பெனி பஸ்ஸில் புதுக்கோட்டை வந்து சேருவான், நான் வகுப்பு முடித்து வருவேன், இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போவோம். அன்றைக்கும் இடம் பிடித்து வைத்திருந்தான். பஸ் ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"ஒரு கேள்வி கேக்குறேன். மாலிக்குத் தலைநகரம் என்ன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "பமாக்கோ" என்றான்.

என் தம்பி வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தலைநகரத்தைச் சரியாகச் சொன்னான்.

"எப்போலேருந்து தெரியும்?"

"ஏஜென்ட் சொன்ன அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன்டா தீவுன்னு பொய் சொன்ன?"

"நான் எப்பக்கா தீவுன்னு சொன்னேன்? மாலின்னேன். நீதான் தீவு, கடலு, விமானம் ஒரு மணி நேரம்னு ஆரம்பிச்ச. சரி, இதுவும் நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்."

ஆதனக்கோட்டையில் பஸ் நின்றது. முந்திரிப்பருப்புப் பொட்டலங்களை ஜன்னல் வழியாக நீட்டினார்கள். எங்கள் வீட்டிலேயே உடைக்கிற பருப்பை எங்களிடமே விற்கப் பார்த்த பெண்ணிடம் தம்பி வேண்டாம் என்று தலையாட்டினான். பஸ் கிளம்பியதும் அவனாகவே பேசினான். தங்கச் சுரங்கம், அதற்கு ஜெனரேட்டர்கள், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காம்பவுண்டுக்குள்ளேயே தங்குமிடம், சாப்பாடு. வெளியே விடமாட்டார்கள், சுற்றிலும் காவல் இருக்கும்.

"காவல் எதுக்கு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா. நீ பாக்குற ஃபோன்லதான் நானும் பாக்குறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ எத்தனை வருஷமாப் பரீட்சை எழுதுன? போதும் விட்டுருன்னு நான் ஒரு நாள் சொல்லியிருப்பேனா? ஒனக்கு அது மாதிரி எனக்கு இது. இங்க அடையாள அட்டை மாத்தி மாத்தியே நான் கெழவனாயிருவேன்."

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

"சொல்லு. அம்மா போகாதன்னு சொல்லிட்டா நான் போகல. சத்தியமா."

அவன் சத்தியம் செய்தால் மாறமாட்டான். ஆக அவன் போவதும் போகாததும் நான் அம்மாவிடம் என்ன சொல்கிறேன், எப்படிச் சொல்கிறேன் என்பதில் நின்றது.

வீட்டுக்குப் போனதும் அவன் கழற்றிப்போட்டிருந்த டேபிள் ஃபேனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காது மட்டும் எங்கள் பக்கம். அம்மா எனக்குக் காபி கொடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"ஏத்தா, அந்த மாலி எப்ப முழுகும்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கடலு ஏறுது, முழுகிரும்னு சொன்னீல்ல. இவன் ரெண்டு வருஷம் போயிட்டுத் திரும்புறதுக்குள்ள முழுகிராதுல்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லையாம். கொட்டை உடைக்கும் இடத்தில் இரண்டு முறை கட்டையால் விரலையே தட்டிக்கொண்டாளாம். நகம் கறுத்திருந்ததை முந்திரி எண்ணெய்க் கறை என்று நான் நினைத்திருந்தேன். அம்மா என்னிடம் ஒரு நாட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எத்தனையோ நாள் எதிர்பார்த்த கேள்வி, இப்படியா வரவேண்டும்!

"அது முழுகாதும்மா. இவன் போறது அந்த மாலி இல்ல. இது வேற. கடலே இல்லாத நாடு."

"கடலே இல்லையா?"

"ஒரு பக்கமும் இல்ல. சுத்தி ஏழு நாடு. நம்ம தமிழ்நாடு மாதிரி ஒம்பது மடங்கு பெருசு."

அம்மாவின் முகம் அப்படியே மாறியது. இடுப்பிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி. இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன? சுத்தி ஏழு ஊரு இருக்கா? அப்ப ஏதாச்சும் ஒண்ணுன்னாக்கூட பக்கத்து ஊருக்காச்சும் போயிரலாம்ல."

அந்த ஏழு ஊரில் சிலவற்றின் நிலைமையும் எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம், இத்தோடு நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நிறுத்தவில்லை. "அங்க சண்டை நடக்குதும்மா. துப்பாக்கி வச்சுக்கிட்டு அலையுறாங்க. வேலைக்கு வந்தவங்களைத் தூக்கிட்டுப் போயிர்றாங்க. இவனைப் போக வேணாம்னு சொல்லு" என்றேன்.

ஸ்க்ரூடிரைவர் சத்தம் நின்றது. அம்மா ஒரு தரம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ எந்த ஊரைத்தான் நல்ல ஊருன்னு சொல்லியிருக்க? ஜப்பான்னா நெலநடுக்கம்ங்கிற. அமெரிக்கான்னா பள்ளிக்கூடத்துலயே சுடுறான்ங்கிற. மாலத்தீவு முழுகப்போகுதுங்கிற. ஒன் பேச்சைக் கேட்டா இந்தப் பக்கத்துல ஒருத்தன் பொழைக்கப் போக முடியுமா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒவ்வொரு நாட்டையும் நான் அப்படித்தான் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். புலி வருது கதையாகிவிட்டது. தம்பி ஃபேனை மாட்டி சுவிட்சைப் போட்டான். அது சுற்றியது.

அடுத்த வாரம் சென்னைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தான். ஒரு மாதத்தில் திருச்சியிலிருந்து விமானம் ஏறினான். எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டிவிட்டுப் போனான். அம்மா அழவில்லை. திரும்பி வரும்போது காரில் டிரைவர் எந்த நாடு என்று கேட்டதற்கு, "மாலிங்க. கடல் இல்லாத மாலி" என்று திருத்தமாகச் சொன்னாள். அதில் தப்பே இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

இப்போது அவன் போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. நமக்குச் சாயங்காலம் என்றால் அவனுக்கு மத்தியானம். சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வருவான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். பிரெஞ்சில் நான்கு வார்த்தை சொல்லிக் காட்டுவான். வெயில் நம்ம ஊரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்கிறான். வெளியே என்ன நடக்கிறது என்று நான் கேட்டால், சிக்னல் சரியில்லை என்பான். ஒரு முறை மூன்று நாள் கூப்பிடவே இல்லை. டீசல் லாரிகள் வரவில்லை, டவர் வேலை செய்யவில்லை என்று பிறகு சொன்னான். அந்த மூன்று நாளும் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அந்த நாட்டின் ஒவ்வொரு வட்டாரமும் இப்போது எனக்குப் பாடம். கேய்ஸ், கூலிக்கோரோ, சிக்காசோ, சேகு, மொப்தி. எந்தப் பரீட்சையிலும் இதைக் கேட்கமாட்டார்கள். எங்கே எது நடந்தாலும் அங்கேயிருந்து அவன் காம்பவுண்டு எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்காமல் தூங்கப் போவதில்லை.

போன வாரம் காலையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அங்கிட்டு இப்ப எப்படி இருக்கு? சண்டை."

"நீதான் நம்பலையேம்மா."

"நம்பாமலா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பெத்தவளுக்குத் தெரியாதா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவன் போகணும்னு முடிவு பண்ணிட்டு ஃபேனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். நான் போகாதன்னா நின்னுருவான். நின்னுட்டு இங்கயே புழுங்கிக்கிட்டுக் கெடப்பான். நானும் ஒன்னை மாதிரி பயந்தா அவன் எந்தத் தெம்புல போவான்? ஒன்னையத் திட்டுனா ஒனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகாதுன்னுதான் திட்டுனேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கேட்கிறாள். உலகத்தில் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் நாடுகள் இருக்கின்றன, அவள் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது எனக்கு. இன்றைக்கும் கேட்டாள். ஃபோனில் அந்த நாட்டுச் செய்திகளைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"ஒண்ணும் இல்லையா, இல்ல நீ சொல்ல மாட்டேங்கிறியா?"

நான் ஃபோனை அவள் பக்கம் திருப்பினேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கறுத்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள்.